தீபாவளிக் குவளையில் ஒரு பூஞ்சுத்தாள்



இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி சென்ற மாதம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். உயரமான கண்ணாடிக் குவளை. அடியில் இரத்தச் சிவப்பு, மேலே தெளிந்த நீர், அதில் மிதக்கும் சின்னச் சின்னச் சிவப்புப் பழங்கள். "டீச்சர், இது கிரான்பெரி காக்டெயிலாம். தீபாவளிக்கு எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் இதைச் செய்யலாமா? கிரான்பெரி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள்.

காக்டெயில் என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காக்டெயில் என்றால் மது கலந்த பானம். மது இல்லாமல் செய்தால் மோக்டெயில். நம் நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம். சம்சு நம் தோட்டங்களை என்ன செய்தது என்பதை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்; என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். நாம் செய்யப்போவது மோக்டெயில்.

இனி கிரான்பெரிக்கு வருவோம். அது வட அமெரிக்காவின் குளிர்ப்பகுதிகளில், புளிப்பான சதுப்பு மண்ணில் வளரும் குட்டையான கொடி. குளிர்காலத்தில் பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கினால்தான் மறு ஆண்டு பூக்கும். நம் சிரம்பான் வெயிலில் அதற்குத் தூக்கமே வராது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில்தான் மிக அதிகமாக விளைகிறது. அறுவடைக் காலத்தில் அங்கே வயலில் தண்ணீரை நிரப்பி, பழத்தைக் கொடியிலிருந்து உதிர்த்துவிடுவார்கள். பழத்துக்குள் நான்கு காற்றறைகள் இருப்பதால் அதன் அடர்த்தி நீரைவிடக் குறைவு. வயல் முழுவதும் பழம் மிதக்கும். அப்படியே ஓரமாகத் தள்ளி அள்ளிவிடலாம். காணொளியில் குவளையின் மேலே பழம் மிதந்ததும் இதே காரணத்தால்தான்.

நம் ஊர்ப் பேரங்காடியில் கிடைப்பது உலர்ந்த கிரான்பெரியும் புட்டிச் சாறும். அந்தப் புட்டியைத் திருப்பிச் சிட்டையைப் படியுங்கள். 100 கிராம் பச்சைக் கிரான்பெரியில் இயற்கையாக உள்ள சீனி ஏறத்தாழ 4 கிராம்தான். பழம் அவ்வளவு புளிப்பு, வாயில் வைக்க முடியாது. அதனால் நீரும் சீனியும் கலந்து, 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சீனி இருக்கும் பானமாக விற்பது வழக்கம். அந்தச் சிவப்புப் பானத்தில் பழத்தின் பங்கைவிடச் சீனி நீரின் பங்குதான் பெரிது.

அந்த மாணவியிடம், "உங்கள் வீட்டு வேலியோரம் ரோசெல் செடி இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது.

ரோசெல் செம்பருத்தியின் இனம். நாம் துவையல் அரைக்கும் புளிச்சக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்து, சிவந்து நிற்கும் புல்லிகளைத்தான் நாம் பயன்படுத்துகிறோம். பலரும் அதைப் பழம் என்றே நினைக்கிறார்கள். மலேசியாவில் 1990களின் தொடக்கத்தில் திரெங்கானுவில் இது வணிகப் பயிராக நடப்பட்டது. செடி வகைகள் மிகக் குறைவாகவே இருந்ததால் அதை மேம்படுத்துவது கடினமாக இருந்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விதைகளைக் காமா கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, மரபணுவில் மாற்றம் பெற்ற செடிகளைத் தேர்ந்தெடுத்து, 2009இல் மூன்று புதிய வகைகளை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு என்றதும் பயப்படாதீர்கள். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் ஒளிர்வதில்லை அல்லவா? அதுபோல அந்தச் செடியிலும் கதிர்வீச்சு தங்குவதில்லை.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். கரீபியத் தீவுகளான ஜமைக்காவிலும் டிரினிடாட்டிலும் கிறிஸ்துமஸ் என்றாலே இந்த ரோசெல் பானம்தான். அங்கே அதன் பெயர் சோரல். பகல் குறையும் பருவத்தில் பூக்கும் செடி என்பதால் ஆண்டு இறுதியில் புல்லிகள் சிவந்து தயாராகிவிடும். இஞ்சியும் கிராம்பும் தட்டிப்போட்டு ஊறவைக்கிறார்கள். நம் முன்னோர் இங்கே பால்மரம் சீவ வந்ததுபோல, அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வாரிசுகளும் இன்று அதைத்தான் குடிக்கிறார்கள். ஆகவே கிரான்பெரி கிடைக்கவில்லையே என்று நாம் ஏங்கத் தேவையில்லை.

ரோசெல்லின் சிவப்புக்கும் கிரான்பெரியின் சிவப்புக்கும் வேதியியல் ஒன்றுதான். இரண்டிலும் இருப்பவை அந்தோசயனின் என்னும் நிறமிகள். சங்குப்பூவின் நீலமும் இதே குடும்பம். கிளந்தான் மக்கள் நாசி கெராபுவுக்கு நீலம் ஏற்றுவது இந்தப் பூவால்தான். ஒரே குடும்பம் எப்படிச் சிவப்பாகவும் நீலமாகவும் இருக்க முடியும்? அந்தோசயனின் மூலக்கூறு, தன்னைச் சுற்றியுள்ள நீரில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி இருக்கிறது என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். வடிவம் மாறினால் அது விழுங்கும் ஒளியின் நிறம் மாறும். நம் கண்ணுக்கு வந்து சேரும் மீதி நிறமும் மாறிவிடும். அமிலம் மிகுந்தால் சிவப்பு, நடுமையை நெருங்கினால் ஊதா அல்லது நீலம், காரம் மிகுந்தால் பச்சை, அதையும் தாண்டினால் மஞ்சள்.

தமிழ்ப்பள்ளியில் பூஞ்சுத்தாள் என்று படித்தீர்களே, லிட்மஸ், அது செய்யும் வேலையும் இதுதான். 1664இல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அமிலம் பட்டால் சிவப்பாகவும் காரம் பட்டால் பச்சையாகவும் மாறும் வயலட் பூச்சாற்றை அதில் சோதனைக் கருவியாகக் காட்டினார். அந்தப் பூச்சாறு அக்காலத்தில் மருந்துக்கடையில் விற்ற இனிப்புப் பாகு. ஆக, குவளையில் ஊற்றும் பாகை வைத்து அமிலம் சோதிப்பது நான் கண்டுபிடித்த வேடிக்கை அல்ல.

இதை வைத்து வீட்டில் ஒரு துப்பறியும் வேலை செய்யலாம். மூன்று சிறு கிண்ணங்களில் ரோசெல் சாறு, கடையில் வாங்கிய ரோஜா சிராப், வேறு ஏதாவது சிவப்புப் புட்டிப் பானம் ஆகியவற்றை இரண்டு தேக்கரண்டி வீதம் ஊற்றி, நீர் சேருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். ரோசெல் நுரைத்து, சிவப்பை இழந்து, மங்கிய ஊதா அல்லது நீலச்சாம்பல் நிறத்துக்கு வரும். சிவப்பு அப்படியே அசையாமல் நின்றால், அந்த நிறம் பெரும்பாலும் செயற்கைச் சாயம்தான். சிட்டையில் சாயத்தின் பெயரோ எண்ணோ இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். சோதித்ததைக் குடிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

இப்போது நம் பானம். ஒன்பது குவளைக்கு அளவு சொல்கிறேன்.

20 கிராம் உலர்ந்த ரோசெல் புல்லி, 600 மில்லிலிட்டர் நீர், விரல் நீளப் பட்டை ஒன்று, தட்டிய இஞ்சி ஒரு துண்டு. நீரைப் பட்டையும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு ரோசெல்லைப் போட்டு 15 நிமிடம் மூடிவையுங்கள். அடுப்பிலேயே வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தால் நிறமி சிதைந்து சிவப்பு பழுப்பாகும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். இந்த அமிலம் அதன் மேலிருக்கும் காப்புப் படலத்தைக் கரைத்துவிடும். எஃகுப் பாத்திரமோ கண்ணாடியோ நல்லது. வடிகட்டினால் சுமார் 500 மில்லிலிட்டர் சாறு கிடைக்கும். அதில் 75 கிராம் சீனியைக் கரையுங்கள். வேறொரு பாத்திரத்தில் 25 சங்குப்பூக்களைக் காம்பும் பச்சைப் புல்லியும் நீக்கி, ஒன்றேகால் லிட்டர் சுடுநீரில் போட்டு ஆறவிடுங்கள். இதில் சீனி கிடையாது.

குவளையில் முதலில் சிவப்புச் சாறு 60 மில்லிலிட்டர். அதன்மேல் குவளை நிறைய பனிக்கட்டி. பிறகு ஒரு கரண்டியின் முதுகில் விழுமாறு நீலநீரை 130 மில்லிலிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். அடியில் சிவப்பு, மேலே நீலம், இரண்டும் தொடும் இடத்தில் ஊதா. மேலே ஒரு கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்தால், சாறு இறங்கும் பாதையெல்லாம் நீலம் இளஞ்சிவப்பாக மாறுவதை விருந்தாளி கண்ணாலேயே பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் இதைப் பார்ப்பதற்காகவே இரண்டாவது குவளை கேட்பார்கள்.

அடுக்கு ஏன் நிற்கிறது? 500 மில்லிலிட்டர் சாற்றில் 75 கிராம் சீனி என்பது எடைக்கணக்கில் 13 விழுக்காடு. அப்படிப்பட்ட கரைசலின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.05 கிராம். சங்குப்பூ நீர் 1.00 கிராம். ஐந்து விழுக்காட்டு வேறுபாடுதான். ஆனாலும் கனமானது அடியில் தங்க அது போதும். முதலாம் படிவத்தில் தேன், நீர், எண்ணெய் அடுக்கிய சோதனை நினைவிருக்கிறதா? எண்ணெயும் நீரும் எவ்வளவு நேரமானாலும் கலக்காது. இங்கே இரண்டும் நீர்க்கரைசல்கள்; விட்டுவைத்தால் மூலக்கூறுகள் ஊடுருவி மெல்லக் கலந்துவிடும். அதனால் விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு ஊற்றுங்கள்.

எங்கள் அறிவியல் கழகத்தில் முதல்முறை செய்தபோது நான் ஒரு தவறு செய்தேன். இன்னும் அழகாக இருக்கட்டும் என்று நடுவில் சோடா நீரை ஊற்றினேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் ஒரே ஊதாக் குழம்பு. மேலேறும் ஒவ்வொரு குமிழியும் தன்னோடு கொஞ்சம் நீரை இழுத்துக்கொண்டு போகிறது. நூற்றுக்கணக்கான குமிழிகள் என்றால் நூற்றுக்கணக்கான குட்டிக் கரண்டிகள் கலக்குவதற்குச் சமம். மாணவர்களுக்கு ஒரே சிரிப்பு. சோடா வேண்டுமென்றால் அடுக்கை மறந்துவிட்டு, ரோசெல் சாற்றோடு மட்டும் கலந்து குடியுங்கள். சோடாவைக் குளிர்பெட்டியில் நன்றாகக் குளிரவைத்த பிறகே திறக்க வேண்டும். வளி அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் 0 பாகையில் 3.3 கிராம் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும். 25 பாகையில் அதில் பாதிகூடப் பிடிக்காது. வெதுவெதுப்பான புட்டியைத் திறந்ததும் பொங்கி மேசையை நனைப்பது இதனால்தான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். குவளையிலிருந்து புகை வரும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அது உலர்பனி, அதாவது உறைந்த கரியமில வாயு; வெப்பநிலை −78 பாகை. ஒரு துண்டு தவறி வாய்க்குள் போனால் தசை வெந்ததுபோல் புண்ணாகும். வீட்டு விருந்தில் அதற்கு இடமே வேண்டாம்.

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இனி வரும் பகுதிக்காகத்தான்.

என் அம்மா தோட்டத்தில் வேலை செய்தவர். செண்டாயான் சுற்றுவட்டாரத்தில் பால்மரமும் செம்பனையும் நின்ற இடங்களில் இன்று வரிசை வீடுகளும் தொழிற்பேட்டையும் நிற்கின்றன. ஆட்கள் சிதறிப் போனாலும் தீபாவளியன்று பழைய லயத்துக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது மட்டும் நிற்கவில்லை. அம்மாவுக்கு இனிப்பு நீர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளியன்று ஆறு வீடுகளுக்குப் போய் வந்தார். பலகாரத்தைத் தொடவில்லை. மாலையில் தலைசுற்றல். விரலில் குத்திப் பார்த்தால் கருவி 18.6 காட்டியது. "நான் ஒன்னும் சாப்பிடலையே, தண்ணிதானே குடிச்சேன்" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் 'தண்ணி' ஒரு குவளை சிராப்.

கணக்குப் போடுங்கள். 250 மில்லிலிட்டர் குவளை, 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்றால் ஒரு குவளைக்கு 25 கிராம். ஆறு வீட்டுக்கு 150 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் 37 தேக்கரண்டிக்கு மேல். நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்ணும் ஒருவருக்கு, உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 50 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நோய் இல்லாதவருக்கே இந்தக் கணக்கு.

2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனத்தவரையும்விட அதிகம். 2023 ஆய்வில் நாட்டின் சராசரி 15.6ஆகக் குறைந்தது. குறைந்தது நல்ல செய்திதான். ஆனாலும் உங்கள் வீட்டு வரவேற்பறையில் பெரியவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், அவர்களில் ஓரிருவராவது இந்த நோய் உள்ளவர்களாக இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே ஊற்றுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். "வேணாம்னு சொன்னா அவங்க முகம் வாடிடும்" என்பார் அம்மா. குவளையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் ஊற்றுபவர்தான். தீபாவளியன்று எல்லா வீட்டிலும் அந்த வேலை பிள்ளைகளாகிய உங்கள் தலையில்தான் விழுகிறது.

அரசாங்கமும் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 1 ஜூலை 2019 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி. 2024இல் அது 50 சென் ஆனது, பிறகும் ஏறியது. அந்த 5 கிராம் கோட்டை நம் வீட்டுக் குவளைக்கும் போட்டுப் பார்க்கலாமே.

நம் குவளையில் 75 கிராம் சீனி ஒன்பதாகப் பிரிகிறது, ஒருவருக்கு 8.3 கிராம். 60ம் 130ம் சேர்ந்து 190 மில்லிலிட்டர். இதோடு பனி உருகிச் சேரும் நீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 30 பாகையில் உள்ள 190 கிராம் பானத்தை 5 பாகைக்குக் குளிர்விக்க 190 × 4.2 × 25, அதாவது ஏறத்தாழ 20,000 ஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிராம் பனி உருக 334 ஜூல், உருகிய நீர் 5 பாகைக்கு வர இன்னொரு 21 ஜூல், மொத்தம் 355. வகுத்தால் 56 கிராம் பனி உருகும். ஆகக் குவளையில் சுமார் 246 மில்லிலிட்டர். சீனி 100 மில்லிலிட்டருக்கு 3.4 கிராம். கோட்டுக்குள் வந்துவிட்டோம். பனி உருகிச் சேர்வதை எதிர்பார்த்துத்தான் ரோசெல் சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சச் சொன்னேன்.

இவ்வளவு குறைத்தால் சப்பென்று இருக்காதா? நியாயமான கேள்வி. சுவையிலும் வெப்பநிலைக்குப் பங்கு உண்டு. நாக்கின் சுவைச் செல்களில் இனிப்புச் செய்தியைக் கடத்த உதவும் டிஆர்பிஎம்5 என்ற வாயில் ஒன்று இருக்கிறது. 15 பாகையிலிருந்து 35 பாகைக்கு வெப்பம் ஏற ஏற அது மேலும் சுறுசுறுப்பாக வேலை செய்வதை 2005இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பனிக்குளிரில் இனிப்பு மட்டுப்படுவதும், அதே பானம் ஆறிப்போனபின் திகட்டுவதும் இதனால்தான். பனிக்கட்டி நிறையப் போட்டுவிட்டு, இனிக்கவில்லை என்று இன்னும் சீனி கொட்டுகிறோம்! பட்டை, ஏலம், ரோஜா வாசனைகளை மூளை இனிப்போடு சேர்த்தே பழகியிருப்பதால், வாசனை கூடினால் இனிப்பும் கூடியதாகத் தோன்றும். பட்டையை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். சாற்றை முதல் நாளே காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் பனிக்கட்டியைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பனி குறைந்தால் 246 என்ற கணக்கு மாறும். 10 பாகையில் உள்ள 190 கிராம் பானத்தை 5 பாகைக்குக் கொண்டுவர எவ்வளவு பனி உருகும், அப்போது 100 மில்லிலிட்டருக்கு எவ்வளவு சீனி, 5 கிராம் கோட்டைத் தாண்டுமா என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு 8 கிராமும் வேண்டாம். ரோசெல் சாற்றில் சீனி கரைக்கும் முன்பே ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் நீர் கூடுதலாகவும் உப்பு ஒரு சிட்டிகையும் சேர்க்கலாம். அந்தக் குவளையில் அடுக்கு சரியாக நிற்காது. சீனி இல்லாத சாறும் சங்குப்பூ நீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால் ஊற்றியதுமே கலந்து ஊதாவாகிவிடும். தட்டில் பத்துக் குவளை இருந்தாலும் எது யாருக்கு என்று சிட்டை ஒட்ட வேண்டியதில்லை. சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். வந்தவர்களில் ஐந்து பேர் ஊதாக் குவளையை எடுத்துக்கொண்டார்கள்; அம்மா இரண்டு குடித்தார். மாலையில் கருவி 8.1 காட்டியது. "உன் கலர் தண்ணி பரவாயில்லை, ஆனா இஞ்சி பத்தலை" என்றார்.